பற்றரி மாற்றத் தெரிந்த மக்களும் பூட்டிய கார்களும்

தனியார் வாகன இறக்குமதியை அரசு 2020 மார்ச்சில் நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதித்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டில் ஓடிய கார்களுக்கு வயது ஏறியதே தவிர, அவற்றின் இடத்துக்குப் புதியவை வரவில்லை. இப்போது துறைமுகத்தில் கார்கள் இறங்குகின்றன. ஆனால் சுங்கத் தீர்வை, அதன்மீது மேலதிக வரி, உற்பத்தி வரி, 18 வீதப் பெறுமதி சேர் வரி என ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் வரிகளைக் கட்டி அவற்றை வாங்கக்கூடியவர்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை பேர் என்பது வாசகர்களுக்குத் தெரியும். 2022இல் விழுந்த ரூபாய் பழைய நிலைக்குத் திரும்பவுமில்லை. எனவே எங்கள் வீதிகளில் இன்னும் பல ஆண்டுகளுக்குப் பழைய கார்களே ஓடப்போகின்றன.

பழைய காரை யார் திருத்துவது, என்ன விலைக்குத் திருத்துவது, அந்த அறிவு யாருடைய கையில் இருக்கிறது என்பவை இதனால் எங்கள் மக்களின் அன்றாடப் பொருளாதாரக் கேள்விகளாகிவிட்டன. வாடகைக்கு ஓடும் ஒரு கார் மூன்று நாள் நின்றால், அதை நம்பியிருக்கும் வீட்டில் மூன்று நாள் வருமானம் இல்லை. லீசிங் தவணை மட்டும் நிற்காது. இந்தக் கேள்விகளை இக்கட்டுரையில் ஒரேயொரு பொருளை வைத்துப் பார்க்கிறேன். அது காரின் பற்றரி.

தடைப்பட்டியலில் இருந்த பொருள்

பற்றரி என்ற சொல்லுக்கு எங்களிடம் ஒரு வரலாறு உண்டு. 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபின் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைவிதிக்கப்பட்ட பொருட்களில் எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. யாழ். குடாநாட்டில் மின்சாரமும் இல்லாமற் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எங்களுக்குள் இருக்கிறார்கள். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். பற்றரி செத்துப்போனால் முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுற்றியோ, நாலு பேர் சேர்ந்து தள்ளியோ காரை ஓடவைத்தார்கள்.

இதைப் பெருமையோடு சொல்வது எங்கள் வழக்கம். பெருமைப்பட இடமுண்டு. ஆனால் அந்தத் திறமை ஒரு மக்கள் கூட்டத்துக்கு அடிப்படைப் பொருட்கள் மறுக்கப்பட்டதால் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கார்கள் எங்கள் திறமைக்கு இடம்கொடுத்தன. பொனற்றைத் தூக்கினால் பற்றரி கண்முன்னே இருக்கும். ஒரு ஸ்பனர் இருந்தால் பத்து நிமிட வேலை. பொருளை மறுக்க முடிந்தவர்களால் அதைத் திருத்தும் வழியை மறுக்க முடியவில்லை.

இன்று நிலைமை தலைகீழாக இருக்கிறது. கடையில் பற்றரி கிடைக்கிறது. ஆனால் எமது வீதிகளில் ஓடும் பல கார்களில் அது எங்கே இருக்கிறது என்றுகூட உரிமையாளருக்குத் தெரியாது.

திறக்காத கதவுக்குப் பின்னால்

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இறக்குமதி வரிச் சலுகை காரணமாக ஜப்பானின் பாவித்த ஹைபிரிட் கார்கள் இலங்கைக்கு ஏராளமாக வந்தன. டொயோட்டா பிரியஸ், அக்குவா, ஹொண்டா ஃபிற் போன்றவை லீசிங் மூலமும் வெளிநாட்டு உறவுகளின் பணத்திலும் வடக்கு கிழக்குக்கும் வந்து சேர்ந்தன. இவற்றுள் மூன்றாம் தலைமுறைப் பிரியஸை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அது ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2009 மே 18ஆம் திகதி. அந்த நாளில் நாங்கள் எங்கே நின்றோம் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

இந்தக் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. ஒன்று பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் 201.6 வோல்ட் பெரிய பற்றரி. காரை நகர்த்த உதவுவது அதுதான். மற்றையது சாதாரணக் கார்களில் இருப்பதைப்போன்ற 12 வோல்ட் சிறிய பற்றரி. இயந்திரத்தைச் சுழற்றித் தொடக்குவது இதன் வேலையல்ல. காரின் கணினிகளை விழிக்கச்செய்வதும், பெரிய பற்றரியை இணைக்கும் ஆளிகளை மூடுவதுமே இதன் வேலை. இது செத்துவிட்டால் பெரிய பற்றரி நிறைய மின்சாரம் இருந்தாலும் கார் அசையாது.

அந்தச் சிறிய பற்றரியைப் பொனற்றுக்குள் தேடினால் கிடைக்காது. அது பின்பக்கம் டிக்கியின் வலது மூலையில், தரைப் பலகைக்கும் பிளாஸ்ரிக் தட்டுகளுக்கும் கீழே மறைந்திருக்கிறது. டிக்கிக் கதவின் பூட்டோ மின்சாரத்தால் இயங்குவது. ஆகவே பற்றரி செத்தால் டிக்கி திறக்காது. டிக்கி திறக்காவிட்டால் பற்றரியை எடுக்க முடியாது. அக்குவாவில் இதே சிறிய பற்றரி பின் இருக்கைக்கு அடியில் இருக்கிறது. சில ஐரோப்பியக் கார்களில் இன்னொரு படி மேலே போய்விட்டார்கள். பிஎம்டபிள்யூ போன்றவற்றில் பற்றரியை மாற்றியபின் புதிய பற்றரி பொருத்தப்பட்டதைக் கருவி மூலம் காரின் கணினியில் பதியவும் வேண்டும்.

இட வசதி, எடைச் சமநிலை என்று வடிவமைப்பாளர்களுக்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். ஜப்பானில் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கட்டாயப் பரிசோதனைக்குப் போகும் காருக்கு இது பெரிய சிக்கலுமல்ல. அதே கார் பதினைந்து வயதில் ஒட்டுசுட்டானில் நிற்கும்போதுதான் சிக்கல்.

இரண்டு பற்றரி, ஒரு பெயர்

முல்லைத்தீவு மாவட்டத்தில் என் உறவினர் ஒருவர் இப்படியொரு பிரியஸை வாடகைக்கு ஓட்டுகிறார். யாழ். போதனா வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் நோயாளிகள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். காய்ச்சலில் இரண்டு கிழமை கிடந்து எழும்பியவர் காரைத் தொடக்கப் பார்த்தபோது திரையில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஒரு கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். 'ஹைபிரிட் பற்றரி முடிஞ்சுது' என்றார்கள். கேட்ட தொகை சில இலட்சம். மனைவியின் நகையை அடகுவைப்பது பற்றி அந்த வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

நான் மெக்கானிக் அல்ல. ஆனால் இந்தக் காரின் பொனற்றுக்குள் இருக்கும் உருகிப் பெட்டியில் சிவப்பு மூடிக்குக் கீழே ஒரு நேர்முனை வெளியே தரப்பட்டிருக்கிறது என்று வாசித்திருந்தேன். டிக்கியைத் திறக்காமலே சிறிய பற்றரியை அங்கிருந்து அளக்கலாம். மல்ரிமீற்றரின் ஒரு கம்பியை அதிலும் மற்றையதைக் காரின் வெற்று உலோகப் பகுதியிலும் வைத்தபோது 12 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே காட்டியது. நல்ல பற்றரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கவேண்டும். செத்தது சிறிய பற்றரி. சிறியது தளர்ந்தால் கணினிகள் தடுமாறித் தொடர்பில்லாத எச்சரிக்கைகளையெல்லாம் காட்டும். அதைக்கொண்டு பெரியது பழுது என்று முடிவுகட்டுவது இந்தக் கார்களில் அடிக்கடி நடக்கிற தவறு.

அந்தக் கராஜ் ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். காரோடு வந்த கைந்நூல் முழுக்க ஜப்பானிய மொழியில் இருந்தது. கார் உரிமையாளருக்கும் திருத்துபவருக்கும் தெரியாத மொழியில் அறிவு பூட்டப்பட்டிருக்கும்போது, ஒருவர் ஊகிக்கிறார், மற்றவர் அந்த ஊகத்துக்குப் பணம் கட்டுகிறார். மொழி உரிமை என்றால் பெயர்ப்பலகையும் அரச கடிதமும் மட்டுமல்ல என்பதை அந்த முற்றத்தில் நின்றபோது உணர்ந்தேன்.

வீட்டில் மாற்றுவதற்கு

இதே வகைக் காரை வைத்திருப்பவர்களுக்காக அந்த வேலையைச் சற்று விரிவாக எழுதுகிறேன். தேவைப்பட்டது 10 மில்லிமீற்றர் ஸ்பனர், கையுறை, கண்ணாடி, ஒரு ரோச் லைட். நேரம் ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு.

முதலில் உள்ளே போகவேண்டும். ரிமோட் திறப்புக்குள் ஒரு சிறிய உலோகத் திறப்பு மறைந்திருக்கிறது. அதனால் சாரதியின் கதவைத் திறக்கலாம். பிறகு பின் இருக்கையை மடித்து உள்ளே ஊர்ந்துபோய், டிக்கிக் கதவின் உட்புறத்தில் இருக்கும் அவசர நெம்பைத் தள்ளினால் கதவு திறக்கும். உருகிப் பெட்டியில் உள்ள முனைக்கு இன்னொரு 12 வோல்ட் பற்றரியிலிருந்து மின்சாரம் கொடுத்தும் டிக்கியைத் திறக்கலாம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள். பெரிய லொறிகளிலும் பஸ்களிலும் இருப்பது 24 வோல்ட். அதிலிருந்து ஒருபோதும் கொடுக்கக்கூடாது. நேரும் மறையும் மாறினால் காரின் விலையுயர்ந்த மின்னணுப் பகுதிகள் எரிந்துபோகும். அவசரத்துக்கு உதவவரும் அயலவர் எவராக இருந்தாலும் வயரை நீங்கள் இரண்டுமுறை பார்த்தபின்னரே பொருத்தவிடுங்கள்.

காரை முழுதாக நிறுத்தி, ரிமோட் திறப்பைக் காரிலிருந்து தூரத்தில் வைக்கவேண்டும். டிக்கியின் தரைப் பலகை, அதன்கீழுள்ள பெட்டி, வலது மூலைத் தட்டு ஆகியவற்றைத் தூக்கினால் பற்றரி தெரியும். மறைமுனையை முதலில் கழற்றவேண்டும், பிறகு நேர்முனையை. பொருத்தும்போது நேர்முனை முதலில், மறைமுனை கடைசியில். இந்த ஒழுங்கு மாறினால் ஸ்பனர் காரின் உலோகத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும். பற்றரியைப் பிடித்திருக்கும் இறுக்கியைக் கழற்றி, பக்கத்திலுள்ள மெல்லிய குழாயை உருவி, பற்றரியை நேராகத் தூக்கவேண்டும். அது பத்துக் கிலோவுக்கு மேல் பாரமானது. குனிந்த முதுகோடு மூலைக்குள்ளிருந்து தூக்குவதால் முதுகுவலிக்காரர் இன்னொருவரைத் துணைக்கு வைத்திருப்பது நல்லது. பற்றரி கழன்றிருக்கும்போது டிக்கிக் கதவை மூடிவிடாதீர்கள். மீண்டும் ஊர்ந்துபோகவேண்டி வரும்.

அந்த மெல்லிய குழாயை அற்பமாக நினைக்கக்கூடாது. பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரக்கூடும். பொனற்றுக்குள் இருந்தால் அது காற்றில் கலந்துவிடும். இந்தக் காரில் பற்றரி ஆட்கள் இருக்கும் அறையோடு சேர்ந்து இருப்பதால் வாயுவை வெளியே கொண்டுபோக அந்தக் குழாய் தேவை. அதனால்தான் இதற்கென அமிலம் ததும்பாத, குழாய் பொருத்தும் வாய் கொண்ட தனிவகைப் பற்றரி பாவிக்கிறார்கள். விலை குறைவென்று சாதாரணப் பற்றரியை அந்த மூலைக்குள் திணித்துவிடுவோர் உண்டு. குழந்தையைப் பின் இருக்கையில் வைத்து ஓட்டும் காரில் அதைச் செய்யாதீர்கள். வாங்கும்போது நேர்முனை எந்தப் பக்கம் இருக்கிறது, முனைகளின் தடிப்புப் பழையதைப் போன்றதா என்பதையும் ஒப்பிடவேண்டும்.

செம்மஞ்சள் நிற உறை போட்ட கம்பிகள் பெரிய பற்றரிக்கு உரியவை. அவை உயிரைக் குடிக்கும். சிறிய பற்றரி மாற்ற அவற்றைத் தொடவேண்டிய தேவையே இல்லை. பெரிய பற்றரியில் வேலை என்றால் பயிற்சி பெற்றவரிடம்தான் போகவேண்டும்.

புதிய பற்றரி பொருத்தியதும் எச்சரிக்கை விளக்குகள் அணைந்தன. அடுத்தநாள் அவர் கிளினிக் பயணத்துக்குப் போனார். வீட்டு நகை வீட்டிலேயே இருந்தது.

கார் நெடுநாள் நின்றால் சிறிய பற்றரி இறங்கிவிடும். 2022இல் எரிபொருள் இல்லாமல் வாகனங்கள் கிழமைக்கணக்கில் முற்றத்தில் நின்றபோது பல வீடுகளில் இது நடந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டு உறவினருக்காகப் பூட்டி வைத்திருக்கும் கார்களிலும் நடக்கிறது. கிழமைக்கு ஒருதடவையாவது காரைத் தொடக்கி அரைமணிநேரம் ஓடவிட்டால் இது பெரும்பாலும் தவிரும்.

திருத்தும் உரிமை

உலகில் சில இடங்களில் இது சட்டப் பிரச்சினையாகிவிட்டது. வாகன உற்பத்தியாளர்கள் திருத்தத் தேவையான தகவல்களை வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த பற்றரி ஒழுங்குவிதி, 2027 பெப்ரவரியிலிருந்து சிறு மின்சாதனங்களின் பற்றரிகளைப் பாவனையாளரே கழற்றக்கூடியதாக அமைக்கவேண்டும் என்கிறது. கார்ப் பற்றரிக்கு அந்தக் கட்டளை இன்னும் வரவில்லை. என்றாலும், பொருளை வாங்கியவனுக்கு அதைத் திறக்கவும் உரிமை வேண்டும் என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டுவிட்டது.

எங்கள் அரசியலில் இந்தப் பேச்சு எழவேயில்லை. வாகன இறக்குமதி என்றால் அமைச்சர்களின் கணக்கு வரி வருமானத்தோடும் அந்நியச் செலாவணியோடும் முடிந்துவிடுகிறது. தமிழ்த் தலைவர்களுக்கோ இது அரசியலாகவே தெரிவதில்லை. போரில் காலை இழந்து, ஓட்டோவோ காரோ ஓட்டிப் பிழைப்பவருக்கும், கணவனை இழந்தபின் வாகனத்தை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும், தங்கள் வாகனத்தில் எது பழுது என்று அறியமுடியாத நிலை ஒரு வகை அடிமைத்தனம். பெண் என்றால் கராஜில் அவளிடம் விளக்கம் சொல்வதும் குறைவு.

பழைய பற்றரி போகும் இடம்

இங்கே யாரும் பேசாத இன்னொரு பக்கம் இருக்கிறது. கழற்றிய பற்றரி எங்கே போகிறது? பழைய இரும்பு வாங்க வருபவர் நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போவார். பற்றரியின் எடையில் பெரும்பகுதி ஈயம் என்பதால் அதற்கு எப்போதும் சந்தை உண்டு. ஆபத்தும் அதனால்தான். ஒழுங்கான ஆலையில் உருக்கினால் அந்த ஈயம் மீண்டும் பற்றரியாகும். வீட்டு வளவில் கோடரியால் பிளந்து, அமிலத்தை மண்ணில் ஊற்றி, திறந்த அடுப்பில் உருக்கினால் அது புகையாகவும் தூசியாகவும் குழந்தைகளின் உடலுக்குள் போகும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று குழந்தைகளுக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது மூளை வளர்ச்சியைக் கெடுக்கிறது. பாதிப்பு மாறுவதுமில்லை.

குடிதண்ணீருக்குக் கிணற்றை நம்பியிருக்கும் யாழ்ப்பாணத்தில், சுண்ணக்கல் நிலத்தில் ஊற்றும் எதுவும் நிலத்தடி நீரைச் சேரும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் கண்டோம். வன்னியில் போர் முடிந்தபின் பழைய இரும்பு பொறுக்கப்போய் வெடிபொருளில் சிக்கியவர்களையும் அறிவோம். வறுமை ஆபத்தான உலோகத்தைத் தேடவைக்கிறது. அதை ஒழுங்குபடுத்தவேண்டியவர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

செய்யக்கூடியவை

இதற்குக் கொழும்பைக் காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகள் உண்டு. 2025 மே தேர்தலுக்குப் பின் பிரதேச சபைகள் மீண்டும் இயங்குகின்றன. வடக்கின் பல சபைகள் தமிழ்க் கட்சிகளின் கையிலேயே இருக்கின்றன. பாவித்த பற்றரிகளைச் சேகரித்து, அனுமதி பெற்ற மீள்சுழற்சியாளரிடம் மட்டும் கொடுக்கும் ஒரு நிலையத்தை ஒவ்வொரு சபையும் அமைக்கலாம். அந்தப் பற்றரிக்கு விலை இருப்பதால் இது சபைக்குப் பெரும் நட்டம் தரும் வேலையல்ல.

வடக்கு கிழக்கில் இயங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் ஹைபிரிட், மின்சார வாகனத் திருத்தத்தைத் தமிழில் கற்பிக்கவேண்டும். பெண்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அதில் சேர்க்கவேண்டும். வீதிகளில் அதிகம் ஓடும் பத்துப் பன்னிரண்டு வகை வாகனங்களுக்காவது, பற்றரி எங்கே இருக்கிறது, எப்படி அளப்பது, எதைத் தொடக்கூடாது என்று படத்தோடு சிறு தமிழ்க் கைந்நூல் வெளியிடுவது சாரதிகள் சங்கங்களாலும் பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடங்களாலும் முடியாத காரியமல்ல. புலம்பெயர்ந்த உறவுகளில் கார்த் துறையில் வேலைசெய்வோர் பலர் இருக்கிறார்கள். காசு அனுப்புவதைப்போல அந்த அறிவையும் அனுப்பலாம்.

புதிதாக வந்திறங்கும் மின்சாரக் கார்கள் பழையவற்றைவிட இறுக்கமாகப் பூட்டப்பட்டவை. இன்று கொழும்பில் வசதியுள்ளவர் வாங்கும் கார் பத்து வருடம் கழித்து மூன்றாம் கைக்கு மாறி எங்கள் ஊருக்கு வரும். அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் அப்போது எங்கள் ஊரில் இருக்கவேண்டுமென்றால், அவர்களுக்கான பயிற்சி இன்று தொடங்கவேண்டும்.